நான் அழித்த நான்கு ரீல்கள்

நான் கடைசியாக வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்துப் பிள்ளைகளுக்கு அழிப்பதைப் பற்றிப் பயமே கிடையாது. பாடகி பாடியதைத் தெரியாமல் அழித்துவிட்டாலும் விசைப்பலகையில் இரண்டு விரல் வைத்தால் போனது திரும்பி வந்துவிடும். என் பணி ஓய்வு விருந்தன்று ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல தப்பா அழிச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுக்குப் போய் அழுவோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

'மூணாம் சங்கு' என்ற ராக் குழுவின் ஆல்பம் வெளிவந்த பிறகு அதே பிள்ளைகள் போன் செய்து, அதில் எனக்கு என்ன பங்கு என்று எழுதித் தரச் சொன்னார்கள். என் பங்கு பெருமையானது அல்ல. ஆனாலும் இப்போது அதை எழுத முடிகிறது.

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின் தெரு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த கையோடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மரக்கிடங்குக்கு மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். வண்ணாரப்பேட்டையில் கேசட் கம்பெனி வைத்திருந்தவர்தான் அதற்கும் முதலாளி. பக்திப் பாட்டு, தேர்தல் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் அங்கே பதிவாகும். அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான்தான். முதல் இரண்டு வருஷம் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டேப் மெஷினில் டேப் உரசிப்போகும் முகப்புகளைத் துடைத்தேன், பெட்டிகளுக்கு லேபிள் எழுதினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

பயிற்சி கொடுத்தவர் தலைமைப் பொறியாளர் வரதராஜன் சார். அரைக்கை வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். தரை துடைக்க வரும் அம்மாவைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. யாராவது தவறு செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "திரும்ப ஒருமுறை பாத்துடலாமா?" என்பார். அதைக் கேட்டாலே எங்களுக்கு வியர்த்துவிடும்.

பதிவு ஆரம்பிக்கும் முன் நான் டிராக் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அதற்குப் பிறகுதான் நான் பொத்தானை அழுத்தலாம். பதிவு நடுவில் மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரி ஏதாவது நெடுஞ்சாலையில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அது மைக்கில் ஏறிவிடும். காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் தெரிந்துவிடும் அவருக்கு. கையைத் தூக்குவார். பாடுகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் லாரி போகும் வரை நிற்க வேண்டும்.

ரீலை அழிப்பதற்கும் அவரிடம் முறை இருந்தது. அந்தக் காலத்தில் டேப் எளிதில் கிடைக்காது. வேலை முடிந்த ரீல்களை அழித்து மறுபடி பயன்படுத்துவோம். மின்காந்தம் வைத்த கனமான இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரீலை அதன்மேல் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் உடனே மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. ரீலைக் கைநீளத்துக்கு விலக்கிக் கொண்டுபோன பிறகே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த பதிவில் 'தும் தும்' என்று அடிக்கும். இதற்கெல்லாம் முன்பாக, அழிக்கப்போகும் ரீலை முதல் ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டாக வேண்டும். "பெட்டிமேல எழுதினது மனுஷன் எழுதினதும்மா. காதால கேட்டுட்டு அழிங்க" என்பார்.

மூணாம் சங்கு அங்கே வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. நான்கு பேர் கொண்ட குழு. பாடியதும் பாட்டு எழுதியதும் எட்வின். எங்கள் தெருக்காரன், என்னைவிட நான்கு வயது சின்னவன், என்னைப் 'பிலோக்கா' என்பான். டிரம்ஸ் சேகர். வியாசர்பாடி குடியிருப்பில் வீடு, எர்ணாவூரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவன் டிரம்ஸ் செட்டில் ஒன்றுக்கொன்று நிறமே ஒத்துப்போகாது. நான்கு இடத்தில் பழசாக வாங்கிச் சேர்த்தது. கிட்டார் வாசித்த இருவரும் எண்ணூர்ப் பக்கம். தொழிற்சாலையில் மூன்றாம் ஷிஃப்டுக்கு ஊதும் சங்குதான் அவர்கள் பெயர்.

அதற்குள்ளேயே அவர்கள் நிறைய அடி வாங்கியிருந்தார்கள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் பாட்டோடு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "இங்கிலீஷ்ல பாடுங்க, இல்லன்னா சினிமாப் பாட்டு பாடுங்க" என்றிருக்கிறார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் அவர்கள் வாசித்தபோது ஸ்பீக்கர் ஊளையிட்டதில் பாதிரியாரே வந்து ஒயரைப் பிடுங்கினார். ஒரு மழையில் சேகரின் பெரிய டிரம் தண்ணீரில் ஊறி இரண்டாகப் பிளந்தது. இவ்வளவுக்கும் பிறகு முதலாளி அவர்களுக்கு ஒரு கேசட் போட ஒப்புக்கொண்டதே அதிசயம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவில் எட்வின் குரலைக் கேட்டுப் பிடித்துப்போய் ஒப்புக்கொண்டார்.

எட்டுப் பாட்டு. நால்வரும் வெவ்வேறு ஷிஃப்டில் வேலை பார்த்ததால் பதிவு முடிய ஏழு மாதம் ஆயிற்று. ஒரு அங்குல அகல டேப்பில் நான்கு ரீல். வரதராஜன் சாருக்கு இந்த இசை பிடிக்காது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சேகர் வாசித்ததைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சேகர் பயந்துபோய், "சார், இன்னா தப்பு பண்ணேன்?" என்றான். "ஒண்ணுமில்ல தம்பி. சும்மா இன்னொரு தடவ கேக்கணும்போல இருக்கு" என்றார்.

சிக்கல் ஐந்தாம் பாட்டில் வந்தது. அதன் வரிகள் இவை:

எங்க வூட்டு ஜன்னலுக்கு வெளிய
எப்பவும் ஒரு மேகம் கீது,
மழ மட்டும் பெய்யாது.

பாடிப் பார்த்த அன்றே முதலாளி முகம் சுருங்கிவிட்டது. "மேகம்னா எந்த ஃபேக்டரிப் புகையச் சொல்றாங்கன்னு ஊருக்கே தெரியும். எனக்கு எதுக்குப்பா வம்பு? அத ஒரு பொண்ணோட கூந்தல்னு மாத்திடு. பாட்டு அழகா இருக்கும்" என்றார்.

"கூந்தல்ல இருந்து இருமல் வராது சார்" என்றான் எட்வின்.

முதலாளி கெட்டவர் இல்லை. பக்திப் பாட்டு கேட்டால் கண் கலங்குகிறவர். அவருக்கு இந்தப் பாட்டுகள் புரியவில்லை, புரியாத ஒன்றோடு வம்பும் வந்து சேர்ந்ததில் அலுத்துப்போனார். அதே நேரத்தில் கிட்டார்க்காரர்களில் ஒருவர் துபாய்க்குக் கிளம்பினார். பட்டறையில் தகடு விழுந்து சேகரின் மணிக்கட்டு முறிந்தது. வெளியீட்டை ஒத்திப்போட்டார்கள். மறுபடி ஒத்திப்போட்டார்கள். ரீல்கள் அலமாரியில் ஒரு வருஷம் கிடந்தன.

ஆடி மாதம் நெருங்கியது. அம்மன் பாட்டு ஐந்து கேசட் போட வேண்டும், புது டேப் வந்து சேரவில்லை. ஒரு நாள் காலையில் முதலாளி வந்து, மூணாம் சங்கு ரீல்களை அழித்து அதில் பதியச் சொன்னார்.

"இன்னும் ஒரு வருஷம் வச்சிருக்கலாமே சார்" என்றார் வரதராஜன் சார்.

"வச்சு? குழுவே இல்ல. உங்களுக்கு மனசு வராதுன்னு தெரியும். பிலோமினா, நீ அழி. நாளைக்கு வந்து உன்னத்தான் கேப்பேன்."

முதலாளிக்கு ஒரு பழக்கம். ஒரே கேள்வியை முகத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார். என்னால் பொய் சொல்ல முடியாது என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். சொன்னால் காது சிவந்துவிடும்.

'மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அதை ஆயிரம் முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று சொல்லவில்லை. அப்பா இடுப்பில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். இந்த வேலையை விட்டால் ஒரு பெண்ணை டேப் மெஷின் பக்கம் விடும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தலையாட்டினேன்.

மறுநாள் காலை போனபோது நான்கு பெட்டிகளும் என் மேஜைமேல் அடுக்கி இருந்தன. வரதராஜன் சாரே எடுத்து வைத்திருந்தார். நான் வழக்கப்படி முதல் ரீலை மெஷினில் மாட்டப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னிக்கு கேக்க வேணாம்மா."

"சார், நீங்கதானே..."

"மனசு கஷ்டமாயிடும். கேக்காம அழிங்க."

என்மேல் இரக்கப்பட்டுத் தன் விதியைத் தானே தளர்த்துகிறார் என்று நினைத்தேன். கடிகாரத்தைக் கழற்றினேன். ஒவ்வொரு ரீலாக வைத்துச் சுற்றினேன். கைநீளத்துக்கு விலக்கினேன், நிறுத்தினேன். அன்றைக்கு அந்த வேலையை என் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாகச் செய்தேன். மத்தியானம் முதலாளி வந்து மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'அழிச்சிட்டேன் சார்' என்றேன். திருப்தியாகப் போனார்.

சாயங்காலம் நேராக எட்வின் வீட்டுக்குப் போனேன். வேறு யாரோ சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது என்று பட்டது. வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"எட்வின், உங்க ரீல் நாலையும் அழிச்சாச்சு. நான்தான் அழிச்சேன்."

சிரித்தான். "இன்னா பிலோக்கா, வெள்ளாடுறியா?"

நான் சிரிக்கவில்லை. அவன் பம்பைக் கீழே வைத்தான்.

"நாலுமா?"

"நாலும்."

"அழிக்கறதுக்கு முன்னாடி போட்டுக் கேட்டியா?"

"இல்ல."

"ஒருவாட்டி கேட்டுகினு அழிச்சிருக்கலாம்ல?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே அது தெரிய வேண்டும் என்பதுபோல் கேட்டான். "கடசியா ஒர்த்தராச்சும் கேட்டிருப்பாங்கல்ல."

உள்ளே போய்விட்டான். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவன் என்னிடம் பேசவில்லை.

சண்டையெல்லாம் இல்லை. அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் எழுத்தர் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், பாடுவதை விட்டான். கோயில் பாடற்குழுவில்கூடச் சேரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் அம்மா எங்களுக்குக் கல்கல் பலகாரம் கொடுத்தனுப்புவார், அவன் கொண்டுவர மாட்டான். என் அப்பா இறந்தபோது வந்தான். பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறை வரை வந்தான். மண் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போனான். சேகர் மட்டும் மெல்லிசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தான். எங்காவது பார்த்தால், "இன்னா மேடம், சொகமா?" என்று கேட்பான். அவன் சிரித்துப் பேசுவது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

ஆல்பத்துக்கு 'முகத்துவாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பிறகு ஒரு வதந்தி மாதிரி ஆயிற்று. அப்படி ஒன்று இருந்ததாம், எண்ணூரிலேயே தமிழில் ராக் வாசித்தார்களாம் என்று இளைஞர்கள் பேசிக்கொள்வதை நான் என் கடைசி வேலையிடத்தில்கூடக் கேட்டிருக்கிறேன். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

அந்தக் கூடம் மூடி வெகு காலம் ஆகிறது. வரதராஜன் சார் ஓய்வு பெற்று மகனோடு பெரம்பூருக்குப் போனார். நான் வேறு இரண்டு இடங்களில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றேன். அதற்குப் பிறகுதான் பழைய முதலாளியின் மகள் சுமதி கூப்பிட்டாள். அப்பா இறந்த பின் கம்பெனி அவள் பொறுப்பில் இருந்தது. பழைய அம்மன் பாட்டுகளை இணையத்தில் ஏற்ற வேண்டும், ரீலிலிருந்து கணினிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போயிருந்தேன். மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டை போனேன்.

கிடங்கின் மேல்தளத்தில் மூன்று அலமாரி நிறைய ரீல்கள். கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய டேப்பை அப்படியே ஓட்டக் கூடாது. அதன் பசை இளகியிருக்கும். மெஷின் கிறீச்சிடும், ஒலி பதிந்திருக்கும் பழுப்புப் பூச்சே உரிந்து முகப்பில் ஒட்டிக்கொள்ளும். போனால் போனதுதான். அதனால் முதலில் டேப்பை இளஞ்சூட்டில் உலர்த்த வேண்டும். பழம் உலர்த்தும் மின்பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னேன். ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எட்டு மணி நேரம், இடையிடையே ரீலைத் திருப்பிப் போட வேண்டும். பிறகு அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். அதன்பின் ஒரு முறை நன்றாக ஓடும். அந்த ஒரு முறையில் பதிவு செய்துவிட வேண்டும். பழைய மெஷின் அங்கேயே துணி போர்த்திக் கிடந்தது. அதைத் துடைத்து, ரப்பர் உருளை மாற்றி, ஓடவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கணினிக்கு மாற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள், 'அம்மன் பாடல்கள் – காப்புப் பிரதி' என்று எழுதிய பெட்டியை எடுத்தேன். காப்புப் பிரதியை யாரும் திறப்பதில்லை. மூலம் கெட்டால் மட்டுமே அது வேண்டியிருக்கும். அம்மன் பாட்டின் மூல ரீல் ஓரம் நைந்து போயிருந்ததால்தான் நான் எடுத்தேன். உலர்த்தி ஆறவிட்ட பிறகு ரீலை மாட்டி ஓடவிட்டேன்.

உடுக்கைச் சத்தம் வரவில்லை. குச்சியும் குச்சியும் தட்டும் ஓசை வந்தது. ஒரு குரல்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏய், இரு இரு, சாரு கையத் தூக்கறாரு." சேகரின் குரல். அதற்குமேல் வரதராஜன் சாரின் குரல்: "லாரி போகட்டும் தம்பி." சிரிப்பு. மறுபடி குச்சி. பிறகு கிட்டார்.

நிறுத்த வேண்டும் என்றுதான் கை போனது. நிறுத்தவில்லை. உலர்த்திய டேப்பை நடுவில் நிறுத்தி இழுக்கக் கூடாது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எட்வின் இருபத்துமூன்று வயதில் பாடிக்கொண்டிருந்தான். கணினியில் அளவுக்கோடுகள் ஏறி இறங்கின. எழுந்து போய் முகம் துடைக்கக்கூட முடியவில்லை.

ரீல் முடிந்து டேப்பின் நுனி பட்பட்டென்று அடித்தபோது சுமதி மாடிக்கு வந்தாள். "என்ன ஆன்ட்டி, என்ன ஆச்சு?"

"நான் அழிக்கலம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மற்ற மூன்று ரீல்களும் அதே அலமாரியில், அதே மாதிரிப் பெட்டிகளில் இருந்தன. நான்கில் மூன்று நன்றாக ஓடின. ஒன்றில் மட்டும் ஓரம் மடங்கி, ஏழாம் பாட்டின் தொடக்கம் போய்விட்டது. கடைசிப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு காகிதத்தில் எட்டுப் பாட்டின் பெயரும் டிராக் எண்களும் பென்சிலில் இருந்தன. வரதராஜன் சாரின் கையெழுத்து.

மறுநாள் பெரம்பூர் போனேன். சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கேட்கும் கருவி மாட்டியிருந்தார். அவர் காதில் அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்கதான் மாத்தி வச்சீங்களா சார்?"

"ஆமாம்மா. முந்தின நாள் ராத்திரியே பெட்டிக்குள்ள ரீல மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் உங்க முகத்தப் பாத்து மூணு தடவ கேப்பாரு. உங்க முகத்துல பொய் நிக்காது. உண்மையிலேயே அழிச்சிருந்தாதான் அழிச்சேன்னு சொல்ல முடியும்."

"அது அன்னிக்கு. அப்புறம்?" என் குரல் உயர்ந்துவிட்டது. அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அந்தப் பையன் பாடறதையே விட்டுட்டான் சார். நான் முப்பது வருஷமா கோயில்ல அவன் முகத்தப் பாக்க முடியாம தலையக் குனிஞ்சிட்டிருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல்ல வேலைக்குப் பயந்தேன். சொன்னா நீங்க அவங்கிட்ட சொல்லுவீங்க, அவன் வந்து சண்டை போடுவான். கூடம் மூடினதுக்கு அப்புறம் உங்களுக்குப் பயந்தேன். இத்தனை வருஷம் சொல்லலையேன்னு கேப்பீங்களே. ஒவ்வொரு தடவ சொல்லணும்னு நினைக்கும்போதும் இன்னொரு வருஷம் கூடிப்போயிருக்கும்மா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "தப்பு பண்ணிட்டேன்."

எவ்வளவோ திட்ட நினைத்துக்கொண்டு போனேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் எல்லாம் கரைந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன்: "அப்ப நான் எதத்தான் சார் அழிச்சேன்?"

"தேர்தல் பாட்டு. வார்டு எலெக்‌ஷனுக்கு ஒருத்தர் வந்து நாலு ரீல் பாடவச்சாரே, ஞாபகம் இருக்கா? டெபாசிட் போச்சே அவருக்கு."

நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்தேன். அவர் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாரும் சிரித்தார். தோற்றுப்போன அந்த வேட்பாளரிடம் வேண்டுமானால் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு பயம் பாக்கி இருந்தது. ரீல்கள் சட்டப்படி சுமதியுடையவை. அப்பா வேண்டாம் என்று முடிவு செய்ததை மகள் வெளியிடுவாளா? எட்டுப் பாட்டையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். மேகப் பாட்டு முடிந்ததும், "இதத்தான் கூந்தல்னு மாத்தச் சொன்னாரா அப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பாவுக்குப் புரியல ஆன்ட்டி. நான் மணலியில வாழ்க்கைப்பட்டவ. எனக்கு நல்லாவே புரியுது. ஒரு எழுத்தக்கூட மாத்தாம போட்டுடலாம்."

அன்றே எட்வின் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் திகைத்துப்போய் அவனைக் கூப்பிட்டாள். தலை முழுக்க நரைத்து, பனியனோடு வந்து நின்றான்.

"எட்வின், அந்த ரீலுங்க இருக்கு. அழியல. பெட்டி மாறியிருக்கு. சார்தான் மாத்தினது. எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெய்யாலுமா?"

"என் காதால கேட்டேன்."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். தெருமுனைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தான். "சேகருக்கு போன் போடணும்."

வண்ணாரப்பேட்டைக் கிடங்கில் இருவரையும் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்தேன். சேகர் முதல் பாட்டிலிருந்தே பேசிக்கொண்டே இருந்தான். "இத்த பாரு, இத்த பாரு, இங்க நான் ஓடிட்டேன்... டேய், நம்ம துபாய்க்காரன் இன்னாமா வாசிச்சிக்கீறான்!" தொடையில் தாளம் போட்டான், தன் தப்பைத் தானே சொல்லிச் சிரித்தான். எட்வின் அசையவில்லை. இரண்டு உள்ளங்கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி எட்டுப் பாட்டையும் கேட்டான்.

முடிந்ததும் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

"நாலாம் பாட்டுல ஒரு எடத்துல சுருதி எறங்குது" என்றான் எட்வின்.

"இப்ப கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்" என்றேன்.

"வோணாம். இருக்கட்டும். அந்த வயசுல அப்டிதான் பாடிக்கீறேன்." பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். "நீயும் இத்தினி வருசமா இத்த சொமந்துகினுதான் இருந்தியா பிலோக்கா?"

தலையாட்டினேன்.

"நான் வேற உங்கிட்ட பேசாம பேஜாரு பண்ணிட்டேன்."

"நீ என்ன பண்ணுவ? நான்தான அழிச்சேன்னு வந்து சொன்னேன்."

"யாரு அப்டி நேரா வந்து சொல்லுவாங்க? உம்மேல தப்பு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சிகினும் பேசல."

சேகர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டீங்கன்னா, எனக்கு ஒரே பசி" என்றான்.

எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மனைவியிடம் பேசினான். "ஏய், கேளு. மீன் இன்னும் கொஞ்சம் வாங்கி வை. பிலோக்கா நம்ம வூட்டுக்கு சாப்ட வர்றாங்க. ஆங்... அவங்கதான். வந்து சொல்றேன், மொதல்ல ஒலய வை."

"நானும் வரேன்னு சொல்லுடா" என்றான் சேகர்.